இன்ஜின் இல்லாத பக்கி வண்டி வாங்கப் போறீங்களா, பின்னாடி பக்கம் முதல்ல பாருங்க

கோயம்புத்தூர் சூலூர் பக்கம் ஒரு ஷெட்டுல ஒரு பக்கி, அதாவது மண்ணுல ஓட்டற சின்ன திறந்த வண்டி, தார்ப்பாய் போத்தி கிடந்துச்சு. தார்ப்பாய எடுத்ததும் எனக்கு வேற எதுவுமே கண்ணுல படல, ஆரஞ்சு பெயிண்ட் அடிச்ச ரோல் கேஜு (ஆள சுத்தி வர்ற பைப் ஃபிரேமு), முன்னாடி ரெண்டு ஏ ஆர்ம், மாருதி 800 ஸ்டியரிங் ரேக்கு, 22 இன்ச் ஏடிவி டயரு நாலு, ஒரு பக்கெட் சீட்டு, எல்லாம் இருக்கு, இன்ஜின் மட்டும் இல்ல. சின்ன வயசுல இருந்தே மண்ணுல ஓட்டற வண்டி ஒண்ண நாமளே செய்யணும்னு ஆசை, இங்க பாதி வேலை முடிஞ்சு நிக்குது, மீதி பாதிய நாம முடிச்சரலாம்னு தோணுச்சு. அது பாதி இல்ல, கால்வாசி கூட இல்லன்னு தெரிய எனக்கு எட்டு மாசம் ஆச்சு. இப்ப வண்டி நல்லா ஓடுது. அதே மாதிரி ஒண்ண பாத்துட்டு காசு எடுத்து வெக்க ரெடியா இருக்கறவங்களுக்காக இத எழுதறேன்.

இந்த மாதிரி வண்டி எங்க இருந்து வருதுன்னு முதல்ல சொல்லிடறேன். பாஹா எஸ்ஏஇ இந்தியான்னு இன்ஜினியரிங் காலேஜ் பசங்களுக்கு ஒரு போட்டி 2007ல இருந்து நடக்குது, மத்திய பிரதேசத்துல பீதாம்பூர்ல இருக்கற நாட்ராக்ஸ் டெஸ்ட் டிராக்குல ரொம்ப வருசமா நடத்துனாங்க. பசங்களே டிசைன் பண்ணி, பைப் வளைச்சு, வெல்டு பண்ணி ஒரு ஆள் ஓட்டற வண்டி செய்யணும். பெட்ரோல் வண்டி செய்யற டீமுக்கெல்லாம் ஒரே மாதிரி இன்ஜின், ரொம்ப வருசம் பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் கம்பெனியோட 10 எச்பி இன்ஜின் தான். கியர்பாக்ஸுக்கு நிறைய டீம் மஹிந்திரா ஆல்ஃபா லோடு ஆட்டோவோடத தான் போடுவாங்க, அதுல ரிவர்ஸும் இருக்கு, டிஃபரன்ஷியலும் (திருப்பத்துல ரெண்டு சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடறது) உள்ளயே இருக்கு. நடுவுல காசு தீந்துபோன டீமு, செலக்ட் ஆகாத டீமு, கடைசி வருசம் முடிஞ்சு கலைஞ்சு போன டீமு, இவங்களோட வண்டியெல்லாம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கழட்டி வித்துட்டு மீதி இப்படி விலைக்கு வரும். நான் பாத்ததும் அப்படி ஒண்ணு தான். வித்த பையன் நல்ல பையன், "அண்ணா பைக் இன்ஜின் ஈஸியா உக்காந்துரும்ங்ணா, இடம் நிறைய இருக்கு"ன்னு சொன்னான். அவன் பொய் சொல்லல, இடம் இருந்துச்சு. ஆனா இடம் இருக்கறது வேற, உக்கார்றது வேற.

45,000 கேட்டான், 38,000க்கு முடிச்சேன்.

வாங்கறப்ப நான் பாத்த விசயம் சிலது சரியா தான் பாத்தேன், அத சொல்றேன். கேஜோட ரெண்டு மூலைவிட்டமும் டேப் புடிச்சு அளந்தேன், முன் வலது சக்கரத்துல இருந்து பின் இடது, முன் இடதுல இருந்து பின் வலது, வித்தியாசம் 4 மில்லி தான், அது பரவால்ல. ஒரு நூலுக்கு, அதாவது 3 மில்லிக்கு சுத்தி வந்தா கவலைப்படாதீங்க, 10 மில்லிக்கு மேல போச்சுன்னா கேஜ் முறுக்கி இருக்குன்னு அர்த்தம், விட்டுட்டு வந்துருங்க. அப்பறம் ஒரு சின்ன காந்தத்த எடுத்துட்டு போயி வெல்டிங் ஜாயிண்ட் மேல எல்லாம் வெச்சு பாத்தேன், ஏன்னா வெல்டிங்ல ஓட்டை இருந்தா பட்டி போட்டு மேல பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, பட்டி மேல காந்தம் சரியா புடிக்காது. ரெண்டு இடத்துல அப்படி வழுக்குச்சு, சொரண்டி பாத்தா உள்ள ஊசி ஓட்டையா இருந்துச்சு. அத சொல்லி தான் விலைய குறைச்சேன். பைப்போட கனம் கேட்டு தெரிஞ்சுக்கங்க, தலைக்கு மேலயும் முதுகுக்கு பின்னாடியும் வர்ற பைப் 25 மில்லி விட்டத்துக்கு 3 மில்லி கனம் இருந்தா நம்பி உக்காரலாம். வாய் வார்த்தைய நம்ப வேண்டாம், தேவையில்லாத ஒரு இடத்துல 4 மில்லி டிரில் போட்டு வெர்னியர் வாலை உள்ள விட்டு பாத்தா தெரிஞ்சிரும். கிரில் கேட் செய்யற பைப்புல கேஜ் செஞ்சு வெச்சிருக்கறதும் நான் கண்ணால பாத்திருக்கேன், பாக்க ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும்.

நான் பாக்காம விட்டது பின்னாடி பக்கம். சீட்டுக்கு பின்னாடி, ரெண்டு பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற அந்த காலி இடம். அங்க தான் மொத்த வேலையும் இருக்கு, மொத்த காசும் அங்க தான் போகும், ஆனா அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்லாததால கண்ணு முன்பக்கமே சுத்துது. பெயிண்டு, சீட்டு, டயரு எல்லாம் எப்ப வேணா வாங்கிக்கலாம். அந்த காலி இடத்துல உங்க இன்ஜின் எந்த பைப்புல நிக்கும், செயின் எந்த கோட்டுல போகும், ஆக்சில் எங்க வரும், இந்த மூணுக்கும் பதில் தெரியாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

என் வண்டி ஆல்ஃபா கியர்பாக்ஸுக்காக செஞ்சது. கியர்பாக்ஸ்ல இருந்து நேரா ரெண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட் போயி சக்கரத்துக்கு சேரும், செயினே கிடையாது. பைக் இன்ஜின்ல கியர்பாக்ஸு, கிளட்ச்சு எல்லாம் ஒரே கேஸுக்குள்ள இருக்கு, அது பெரிய வசதி, அதனால தான் எல்லாரும் பைக் இன்ஜின தேடறாங்க. ஆனா அதுல இருந்து வெளிய வர்றது இடது பக்கம் ஒரு சின்ன ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடற பல்லு சக்கரம்) மட்டும் தான். டிஃபரன்ஷியல் இல்ல, ரிவர்ஸ் இல்ல. அப்ப நடுவுல ஒரு ஷாஃப்ட் வேணும், அதுல பெரிய ஸ்ப்ராக்கெட் மாட்டணும், அந்த ஷாஃப்ட்டோட ரெண்டு நுனிலயும் ஆக்சில் கப்பு (ஆக்சில் நுனி உள்ள உக்கார்ற கிண்ணம்) வரணும், அத தாங்க ரெண்டு பேரிங் வேணும், பேரிங் உக்கார கேஜுல பைப் வேணும். அந்த பைப் என் கேஜுல இல்லவே இல்ல.

இன்ஜினுக்கு வர்றேன். நான் எடுத்தது பல்சர் 220, கார்புரேட்டர் மாடல். 5 கியரு, ஆயில் கூலர் இருக்கு, ஸ்பேர் எந்த ஊர்லயும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ண மூடிட்டு பிரிச்சு மாட்டுவாரு. இன்னும் பவரான இன்ஜின் போடலாம்னு சொன்னாங்க, லிக்விட் கூலிங், ஈசியு, சென்சார்னு வந்தா ரேடியேட்டருக்கு இடம் தேடணும், வயரிங் படிக்கணும், முதல் வண்டிக்கு அது வேணாம்னு நான் இப்பவும் சொல்வேன்.

கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய சாமான் கடைல வெறும் இன்ஜின் கிடைக்கும், சென்னைல புதுப்பேட்டைல இன்னும் நிறைய கிடைக்கும். ஆனா வெறும் இன்ஜின் வாங்காதீங்க. முழு பைக்கா வாங்குங்க, முன்னாடி அடிபட்டு ஃபோர்க் வளைஞ்ச வண்டியா பாத்து, ஆர்சியோட. ஏன்னா வெறும் இன்ஜின் வாங்குனா சிடிஐ (ஸ்பார்க்க கட்டுப்படுத்தற பாக்ஸ்) தனியா, இக்னிஷன் காயில் தனியா, ரெக்டிஃபையர் தனியா, வயரிங், சாவி செட்டு, கார்புரேட்டர், சைலன்சர், கேபிள், ஏர்ஃபில்டர் பாக்ஸ்னு ஒவ்வொண்ணா வாங்கி அது முழு பைக் விலைக்கு மேல போயிரும். இன்னொண்ணு, திருட்டு வண்டி இன்ஜினா இருந்தா உங்க தலைல வந்து விழும். ஆர்சில இருக்கற இன்ஜின் நம்பரும் கேஸ் மேல பஞ்ச் பண்ணி இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க, அரசாங்கத்தோட பரிவாஹன் சைட்ல வண்டி நம்பர போட்டு பாருங்க. பைக்க பிரிச்சதுக்கு அப்பறம் ஆர்சிய கேன்சல் பண்ண சொல்லி ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதி குடுத்துருங்க, மோட்டார் வாகன சட்டம் 55வது பிரிவுல அதுக்கு வழி இருக்கு. கொஞ்சம் அலைச்சல் தான், ஆனா அந்த ரசீது கைல இருக்கறப்ப வர்ற நிம்மதி இருக்கே, அது வேற.

வாங்குனதும் பைக்குல இருக்கறப்பவே ஒரு வாரம் ஓட்டுங்க. புகை வருதா, கிளட்ச் வழுக்குதா, அஞ்சு கியரும் விழுதா, சூடாயிட்டு ஸ்டார்ட் ஆகுதா எல்லாம் அப்பவே பாத்துக்கணும். பக்கிக்குள்ள ஏத்துன பின்னாடி கிளட்ச் பிளேட் மாத்தறதுக்கு இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுனேன், அது ஒண்ணு தான் என்னைய காப்பாத்துச்சுன்னு சொல்லணும். பைக்க சென்டர் ஸ்டாண்டுல தரை மட்டமா நிறுத்தி, இன்ஜின் எவ்வளவு சாஞ்சு உக்காந்திருக்குன்னு ரசமட்டமும் ஃபோன்ல ஆங்கிள் பாக்கற ஆப்பும் வெச்சு மூணு இடத்துல அளந்து சுவத்துலயே எழுதி வெச்சேன். கார்புரேட்டருக்குள்ள ஃப்ளோட் அந்த சாய்வுக்கு தான் செட் பண்ணி இருக்கும், ஆயில் உறிஞ்சற இடமும் அந்த சாய்வுக்கு தான். இடம் பத்தலன்னு இன்ஜின முன்னாடியோ பின்னாடியோ சாச்சு வெச்சா ஓடும், ஆனா மேடு ஏறறப்ப பெட்ரோல் வழியும், இறக்கத்துல ஆயில் பத்தாம போகும். அதே மாதிரி இன்ஜின திருப்பி வைக்கலாமான்னு ஒரு நினைப்பு வரும், இடது பக்கம் வர்ற ஸ்ப்ராக்கெட்ட வலது பக்கம் கொண்டு போறதுக்கு. திருப்புனா வண்டி பின்னாடி தான் போகும், அஞ்சு கியரும் ரிவர்ஸ்.

ஃபிட்டிங் பண்றதுக்கு நல்ல இன்ஜின வெக்காதீங்க. உக்கடத்துல உடைஞ்ச கிராங்க்கேஸ் ஒண்ணு எடை போட்டு வாங்கிட்டு வந்தேன், அதே பல்சரோடது, உள்ள ஒண்ணும் இல்லாத கூடு. மவுண்ட்டிங் ஓட்டை எல்லாம் அதே இடத்துல இருக்கும், ஒரு ஆளே ஒரு கைல தூக்கி வெச்சு பாக்கலாம், வெல்டிங் தீப்பொறி பட்டா கவலை இல்ல. அதுக்கு மேல ஹெட்டு உயரத்துக்கும் கார்புரேட்டர் நீளத்துக்கும் தெர்மாகோல் வெட்டி ஒட்டுனேன். ரெண்டு வாரம் அத வெச்சு வெச்சு எடுத்தோம். எங்க மாமா பையன் உள்ள உக்காந்துக்குவான், நான் பின்னாடி கூட்ட புடிச்சுக்குவேன், "மாப்ள முதுகுல இடிக்குதா பாரு"ன்னு கேட்டு கேட்டு அரை இன்ச் அரை இன்ச்சா நகத்தி ஒரு இடம் கண்டுபுடிச்சோம்.

ஷாஃப்டுக்கு ரெண்டு யூசிபி 207 பிளம்மர் பிளாக் (பேரிங்கோட வர்ற தாங்கி) போட்டேன், 35 மில்லி ஷாஃப்ட்டு. கணபதி ஏரியால ஒரு லேத்துல ஈஎன்24 ஸ்டீல்ல கடைஞ்சு ரெண்டு நுனிலயும் மாருதி 800 கப்பு மாட்டற மாதிரி ஃபிளாஞ்ச் வெச்சு ஹார்டன் பண்ணி வாங்குனேன். ஆக்சில் நீளம் பத்தலன்னு பழைய ஆக்சில வெட்டி நடுவுல பைப் விட்டு வெல்டு பண்ணிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அத கேக்காதீங்க. முறுக்கு விசை எல்லாம் அந்த வெல்டுல தான் வந்து நிக்கும், அது விட்டுச்சுன்னா ஓடற வேகத்துல ஷாஃப்ட்டு வெளிய வந்து அடிக்கும்.

டிஃபரன்ஷியல் போடல. ரெண்டு சக்கரமும் சேந்தே சுத்தும். மண்ணுல, மணல்ல அது ஒண்ணும் தெரியாது, சொல்லப்போனா ஒரு சக்கரம் காத்துல தொங்குனாலும் இன்னொண்ணு இழுத்துட்டு போகும். இடுக்கான திருப்பத்துல மட்டும் முன்பக்கம் நேரா தள்ளிட்டு போகும், கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்து பின்பக்கத்த வழுக்க விட்டு திருப்பணும். தார் ரோட்டுக்கு ஒத்துவராது.

இப்ப ஸ்ப்ராக்கெட் கணக்கு. பைக்கு 150 கிலோ சொச்சம், ஆளோட சேத்து 220. என் பக்கி ஆளோட சேத்து 360 கிலோ. அதுவும் மண்ணுல. பைக்கோட பின் ஸ்ப்ராக்கெட்ட அப்படியே போட்டா முதல் கியர்லயே கிளட்ச்ச அரைக்கணும், கிளட்ச் பிளேட்டு ஒரு மாசம் தாங்காது. பைக் டயரு கிட்டத்தட்ட 62 சென்டிமீட்டர் விட்டம், ஏடிவி டயரு 56, அதுலயே பத்து பர்சென்ட் உதவி கிடைக்குது. மீதிக்கு பின் ஸ்ப்ராக்கெட்ல பல்ல கூட்டணும். எவ்வளவு வேணா கூட்டிட்டு போக முடியாது, ஏன்னா ஸ்ப்ராக்கெட் பெருசாக பெருசாக தரைக்கு கிட்ட வந்துரும். 5/8 பிட்ச் செயின்ல 50 பல்லுன்னா விட்டமே 25 சென்டிமீட்டர். ஆக்சில் மட்டத்துல இருந்து தரைக்கு 28, அதுல பாதி 12.5 போயி, செயின், கார்டு எல்லாம் போக கீழ 14 தான் மிச்சம். ஒரு கல்லு போதும். அதனால ஷாஃப்ட்ட ஆக்சில் மட்டத்த விட 5 சென்டிமீட்டர் மேல தூக்கி வெச்சேன், கப்பு ஜாயிண்ட்டு அந்த சாய்வ தாங்கிக்கும், கீழ 4 மில்லி தகடுல ஒரு ஸ்கிட் பிளேட்டும் போட்டேன்.

எல்லாம் முடிஞ்சு முதல் தடவை பொள்ளாச்சி பக்கம் சொந்தக்காரங்க தோப்புல ஓட்டுனோம். மூணாவது ரவுண்டு, காஞ்ச வாய்க்கால் ஒண்ணு, அதுல இறங்கி முதல் கியர்ல ஏறறப்ப பின்னாடி துப்பாக்கி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்னுருச்சு. இறங்கி பாத்தா செயின் எகிறி முன் ஸ்ப்ராக்கெட்ட சுத்தி இறுகி இருக்கு, ஸ்ப்ராக்கெட் கவர் தூள் தூளா கிடக்கு, கிராங்க்கேஸ்ல விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், அதுல இருந்து ஆயில் சொட்டு சொட்டா மண்ணுல விழுது. எனக்கு கை நடுங்கிருச்சு. சீட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல 2 மில்லி தகடு போட்டிருந்தேன், அதுல என் இடுப்பு உயரத்துல ஒரு குழி. செயின் அங்க வந்து தான் அடிச்சிருக்கு. தகடு அப்பறமா பண்ணிக்கலாம்னு நான் தள்ளி போடப் பாத்த வேலை, எங்க மாமா தான் "அத போட்டுட்டு ஓட்டுடா"ன்னு புடிவாதமா சொன்னாரு.

ஏன் எகிறுச்சுன்னு ரெண்டு நாள் உக்காந்து பாத்தோம். முதல் காரணம், இன்ஜின் கீழ ரெண்டு மவுண்ட்டு, பின்னாடி ஒண்ணு, அவ்வளவு தான் போட்டிருந்தேன். முதல் கியர்ல செயின் பின்னாடி இழுக்கற இழுப்பு சில நூறு கிலோ இருக்கும், அந்த இழுப்புல இன்ஜின் நகரப் பாக்கும். வெல்டிங் பண்ற அண்ணன் ஒரு கம்பிய விட்டு நெம்பி காட்டுனாரு, "பாருங்க தம்பி, தலை ஆடுது"ன்னு. நிஜமாவே ஹெட்டு ஒரு நூலு அசைஞ்சுது. ஆட்டம் வர வேண்டாம்னு நான் போட்ட ரப்பர் புஷ்ஷும் அதுக்கு துணை போயிருக்கு. ரெண்டாவது, டேக் (புள்ளி புள்ளியா தற்காலிக வெல்டு) வெச்சப்ப செயின் கோடு நேரா இருந்துச்சு, ஃபுல் வெல்டு அடிச்சதுக்கு அப்பறம் சூட்டுல பிளேட்டு இழுத்து ஸ்ப்ராக்கெட் ரெண்டும் 3 மில்லி விலகி இருக்கு, நான் மறுபடி அளக்கவே இல்ல. மூணாவது தான் பெரிய தப்பு. பைக்குல செயின் தொங்குனா பின் சக்கரத்த பின்னாடி இழுத்து டைட் பண்ணுவோம். என் வண்டில ஷாஃப்ட்டும் நகராது இன்ஜினும் நகராது, அப்ப செயின டைட் பண்ண வழியே இல்ல, நைலான் உருளை ஒண்ணு வெச்சு மேல இருந்து அமுக்கி விட்டிருந்தேன். புது செயின் முதல் நாள்லயே கொஞ்சம் நீளும், நீண்டுச்சு, எகிறுச்சு.

அதுக்கப்பறம் எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டு திரும்ப செஞ்சோம். இப்ப 6 மில்லி பிளேட்டு, லேசர்ல வெட்டுனது, மவுண்ட் ஓட்டை எல்லாம் வட்டமா இல்லாம நீளவாக்குல 20 மில்லி, இன்ஜினயே முன்னாடி பின்னாடி நகத்தலாம், பின்னாடி ஒரு தள்ளு போல்ட்டு, அத திருகுனா இன்ஜின் முன்னாடி போகும், செயின் டைட் ஆகும். போல்ட்டு எல்லாம் 8.8 கிரேடு, நைலாக் நட்டு. ரப்பர் கிடையாது. ஹெட்டுல இருந்து மேல் பைப்புக்கு ஒரு ஸ்டே, அதாவது ஆடாம புடிச்சுக்கற ஒரு தாங்கு கம்பி. வண்டி நடுங்கும் தான், உள்ளங்கை மரத்து போகும், பரவால்ல, செயின் கோடு நகராது. ஃபுல் வெல்டுக்கு அப்பறம் ரெண்டு ஸ்ப்ராக்கெட் முகத்துலயும் நூல் புடிச்சு பாத்து, விலகி இருந்தத ஷிம் (மெல்லிசு தகடு) வெச்சு சரி பண்ணுனோம். கிராங்க்கேஸ் விரிசல ஆர்கான் வெல்டிங்ல அடைச்சோம், இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. செயினுக்கு மேலயும் பக்கத்துலயும் 3 மில்லி தகடுல கார்டு. வெல்டிங் பண்றப்ப சிடிஐயும் பேட்டரியும் கழட்டி வெச்சிருங்க, அதையும் இங்கயே சொல்லிடறேன்.

பெட்ரோல் டேங்கு பத்தி ஒண்ணு. பைக்குல டேங்கு மேல இருக்கு, பெட்ரோல் தானா இறங்குது. பக்கில டேங்க தாழ்வா வெச்சா கார்புரேட்டருக்கு ஏறாது, பம்ப் வேணும். எஃப்ஐ (கார்புரேட்டருக்கு பதிலா ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டி பம்ப போடாதீங்க, அந்த பிரஷருக்கு ஃப்ளோட் ஊசி தாங்காது, பெட்ரோல் வழிஞ்சு சூடான சைலன்சர் மேல விழும். கார்புரேட்டர் வண்டிக்கு வர்ற குறைஞ்ச பிரஷர் பம்ப் தனியா இருக்கு.

சூடு இன்னொரு தலைவலி. பைக்குல முன்னாடி இருந்து காத்து நேரா ஃபின்னுல அடிக்கும், இங்க டிரைவரும் தகடும் மறைச்சிட்டு நிக்கறாங்க. ஆயில் கூலர கழட்டி மேல் பைப்புக்கு பக்கத்துல, காத்து படற இடத்துல வெச்சேன், ஹோஸ் மட்டும் நீளமா மாத்துனேன். பெரிய கார் ஃபேன் ஒண்ணு போட்டு பாத்தேன், அது இழுக்கற கரண்ட்ட பைக்கோட சார்ஜிங் தாங்கல, அரை மணி நேரத்துல பேட்டரி இறங்கிருச்சு. இப்ப சின்ன ஃபேன் ஒண்ணு, நிக்கறப்ப மட்டும் சுவிட்ச் போட்டுக்கறேன்.

ஆக்சிலேட்டர் பெடலுக்கு ரெண்டு ஸ்பிரிங் போடுங்க, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு இழுத்துக்கும். கை எட்டற இடத்துல ஒரு கில் சுவிட்ச்சு, நாலு பாயிண்ட் பெல்ட்டு, ஹெல்மெட்டு, இதெல்லாம் இல்லாம பத்து அடி கூட ஓட்டக்கூடாது, தோப்புக்குள்ள தானேன்னு நினைக்கறப்ப தான் வண்டி கவுந்துரும்.

இத ரோட்டுல ஓட்ட முடியுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. முடியாது. இந்தியால ஒரு வண்டி ரோட்டுக்கு வரணும்னா ஏஆர்ஏஐ மாதிரி ஏஜென்சில டெஸ்ட் பண்ணி அப்ரூவல் வாங்கணும், வீட்டுல செஞ்ச ஒத்தை வண்டிக்கு அது நடக்கற காரியம் இல்ல. இருக்கற வண்டிய மாத்தறதுக்கே மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு தடை போட்டிருக்கு, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மீறி மாத்தக்கூடாதுன்னு தெளிவா சொல்லிருச்சு. நான் டாட்டா ஏஸ்ல ஏத்தி தோப்புக்கு கொண்டு போறேன், ஒவ்வொரு தடவையும் வாடகை ஆகும், அதையும் கணக்குல சேத்துக்கங்க. சொந்தமா ஓட்ட இடம் இல்லாதவங்க வாங்கவே வேணாம்.

மொத்தம் 1,52,000 ஆச்சு. அதுல பக்கி 38,000, அடிபட்ட பைக் 27,000. மீதி 87,000மும் அந்த காலி இடத்துக்கு தான், ஷாஃப்ட்டு, கப்பு, பேரிங், பிளேட்டு, வெல்டிங் கூலி, வெட்டி எடுத்ததுக்கு கூலி, மறுபடி வெல்டிங் கூலி. முதல்லயே செயின் டிரைவுக்குன்னு செஞ்ச கேஜா, பின்னாடி பேரிங் பைப்போட 60,000க்கு வாங்கியிருந்தா கூட எனக்கு மிச்சம் தான்.

ரிவர்ஸ் இன்னும் போடல. போன வாரம் தென்னை மரத்துக்கு நேரா கொண்டு போயி நிறுத்திட்டேன், மாமா பையனும் தோட்டத்து அண்ணனும் வந்து முன்னாடி பைப்ப புடிச்சு பின்னாடி தள்ளுனாங்க. 290 கிலோ வண்டி, மண்ணுல ரெண்டு பேருக்கு மூச்சு வாங்குது. ஸ்டார்ட்டர் மோட்டார வெச்சு ஷாஃப்ட்ட பின்னாடி சுத்த வைக்க ஒரு யோசனை இருக்கு, இந்த ஞாயித்துக்கிழமை அந்த உடைஞ்ச கூட்ட மறுபடியும் எடுத்து வெச்சு இடம் இருக்கான்னு பாக்கணும்.